குறித்த இடத்தில் காணவில்லை

இன்னும் பதினோரு நாட்களும் ஆறு மணி நேரமும் இருந்தன.

நிலையத்தின் நடைக்கூடத்தில் மாட்டியிருந்த கடிகாரம் அப்படித்தான் காட்டியது. அது நேரம் காட்டும் கடிகாரம் அல்ல, மீதியைக் காட்டும் கடிகாரம். ஜூன் மாதம் பத்திரிகைக்காரர்கள் மலையேறி வந்தபோது, படம் பிடிக்க வசதியாக இருக்கட்டும் என்று கொண்டுவந்து மாட்டினார்கள். ஆபத்து நீங்கிவிட்டதாக அறிவிப்பு வந்ததும் அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். கடிகாரத்தை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சிவப்பு எண்கள் தம்பாட்டுக்குக் குறைந்துகொண்டே வந்தன. இப்போது அதைப் பார்க்கிற ஒரே ஆள் நிறைமதிதான்.

வெண்பாறை மலையில் பகல் என்பது தூங்குகிற நேரம். இரவெல்லாம் தொலைநோக்கியோடு விழித்திருப்பவர்கள், காலையில் கறுப்புத் திரைகளை இழுத்துவிட்டுப் படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பார்கள். அன்று தூங்கவும் ஆள் இல்லை. நிலையத்தின் தலைவர் சகாயராஜ், மற்ற இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு சென்னையில் நடக்கும் பாராட்டு விழாவுக்குப் போயிருந்தார். சமையல்காரர் காய் வாங்கக் கீழே இறங்கியிருந்தார். நிறைமதியையும் விழாவுக்குக் கூப்பிட்டார்கள். யாராவது ஒருவர் இங்கே இருக்க வேண்டுமே என்று சொல்லித் தங்கிவிட்டாள். அவளுக்குக் கூட்டத்தில் நிற்க வராது என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஒருவரும் வற்புறுத்தவில்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று சகாயராஜ் அவளுடைய பெயரைக் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். முழுநிலா அடிக்கிற இரவில் மங்கலான எதுவும் கண்ணில் படாது. வானத்தைப் பார்த்துப் பிழைக்கிறவர்களுக்கு அது ஆகாத நாள். "இடம் பாத்துத்தான் வந்திருக்க மக்ளே," என்றார் தன் நாகர்கோவில் பேச்சில். அதற்குப் பிறகு மேகம் மூடினாலும் மின்சாரம் போனாலும் அவள் பெயர்மேல்தான் பழி. அந்தக் கேலி அவளுக்குப் பிடித்திருந்தது. வேறு எங்கும் அவளை யாரும் கேலி செய்யுமளவுக்கு நெருங்கியதில்லை.

சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதையும் அவர்தான் விளக்கினார். பூமிக்கு ஆபத்தான கற்களைத் தேடும் நிலையங்களுக்கெல்லாம் பணம் தருவது வான்காவல் நிதியம். உலக நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுப்பணம். ஆரம்பத்தில், கண்டுபிடிக்கிற ஒவ்வொரு கல்லுக்கும் தந்தார்கள். கற்கள் பெருகின. பெருகப் பெருக மனை விலை சரிந்தது, கப்பல்கள் பாதை மாறின, அரசாங்கங்கள் முகம் சுளித்தன. பிறகு விதியை மாற்றினார்கள். ஆபத்தில்லை என்று உறுதி செய்து முடித்துவைக்கிற கல்லுக்கு மட்டும்தான் இனிப் பணம்.

"அப்போ கண்டுபிடிச்சா?" என்று கேட்டாள்.

"ஒரு பாராட்டுக் கடிதம் வரும். பயத்துக்கு யாரு மக்ளே காசு தருவா? நிம்மதிக்குத்தான் தருவாவ."

இன்னொரு விதியும் இருந்தது. ஒரே கல்லுக்கு இரண்டு இடத்தில் பணம் போகக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு கல்லையும் ஒரே ஒரு நிலையத்துக்குத்தான் ஒதுக்கினார்கள். ஒதுக்கப்படாத கல்லைத் தேடி எந்த நிலையமும் ஓர் இரவை வீணாக்காது.

அப்படி வெண்பாறை மலைக்கு ஒதுக்கப்பட்டதுதான் கேடி. மே மாதக் கடைசியில் வேறொரு நாட்டில் கண்டுபிடித்த கல் அது. ஆண்டும் எண்ணும் சேர்ந்த நீளமான பெயரில் கே, டி என்ற இரண்டு எழுத்துகளும் இருந்தன. தமிழ்ச் செய்திகளில் ஒரே நாளில் அது கேடியாகிவிட்டது. இருபது மாடி உயரம். பூமியில் விழுவதற்குத் தொண்ணூறில் ஒரு வாய்ப்பு. விழுந்தால் எங்கே என்பதைக் காட்டும் கோடு வங்கக் கடலில் தொடங்கி நாகைக் கரையைக் கடந்து வயல்களுக்குள் போனது. அந்தக் கோட்டின் இரு பக்கமும் இருந்த ஊர்களையெல்லாம் காலி செய்தார்கள்.

அந்த நாட்களில் நிலையத்தின் தொலைபேசி ஓயாமல் அடித்தது. மற்றவர்களுக்கு வேலை இருந்ததால் அதை எடுக்கிற பொறுப்பு நிறைமதியின் தலையில் விழுந்தது. ஒரு நாள் ஒரு பெண்குரல், "யாரு, கேடி ஆபீசா?" என்று கேட்டது. வெள்ளைத்துறை மீனவர் சங்கத்தில் வயர்லெஸ் பார்க்கும் நீலாயதாட்சி. கடலுக்குள் இருக்கும் படகுகளைக் கூப்பிட்டு, காற்று எப்படி, எப்போது கரைக்கு வருவார்கள் என்று கேட்டுச் சொல்வது அவள் வேலை. நாற்பது குடும்பங்களோடு மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் தங்கவைக்கப்பட்டிருந்தாள். கூப்பிடப் படகு இல்லாததால் நிலையத்தைக் கூப்பிட்டாள்.

"விழுமா விழாதா, ஒண்ணைச் சொல்லு."

"விழலாம். விழாமலும் போகலாம்."

"லாம் போடாம உனக்குப் பேசவே வராதா?"

அன்றிலிருந்து நிறைமதி அவளுக்கு லாம் பாப்பா. இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது அழைப்பாள். கல் பற்றிய பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். விடுதியில் குழம்புக்குப் புளி காணாது என்பாள், பிள்ளைகள் கடலைக் கேட்டு அழுகின்றன என்பாள், நீ சாப்பிட்டாயா என்பாள். மலைக்கு வந்த இரண்டு ஆண்டுகளில் நிறைமதியிடம் அதைக் கேட்ட வேறு குரல் அவள் அம்மாவுடையது மட்டும்தான்.

கேடி உண்மையிலேயே பூமிக்குத்தான் வருகிறதென்றால், ஜூன் கடைசியில் மூன்று இரவுகள், சூரியன் மறைந்த கையோடு, தென்மேற்கு வானத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அது தெரிந்தாக வேண்டும். அங்கே தேடி அது இல்லையென்றால், அது வேறு பாதையில் போகிறது என்று பொருள். பயப்பட ஒன்றுமில்லை. அந்த மூன்று இரவுகளை விட்டால் அது சூரியனின் பக்கம் போய்விடும். எந்தத் தொலைநோக்கிக்கும் பிறகு எட்டாது. வந்தால் பட்டப்பகலில், வெயிலோடு வெயிலாக வரும்.

முதல் இரண்டு இரவும் மேகம். குவிமாடத்தைத் திறக்கவே இல்லை. மூன்றாம் இரவு வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. ஆனால் படக்கருவியைக் குளிர்விக்கும் பம்பு நின்றுபோனது. அந்தப் பம்பை மாற்றித் தரச் சொல்லி சகாயராஜ் மூன்று ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருந்தார். குளிர்ச்சி இல்லாமல் எடுத்த படங்களில் ரவையைக் கொட்டியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். அதில் ஒரு புள்ளி கேடியாக இருக்கலாம். எதுவுமே கேடியாக இல்லாமலும் இருக்கலாம். விடியும்வரை நிறைமதி எடுத்துக்கொண்டேயிருந்தாள். அந்த இடம் அடிவானத்துக்குக் கீழே போய் வெகுநேரம் ஆன பிறகும் நிறுத்த மனம் வரவில்லை. பிறகு அறிக்கையில் எப்போதும் எழுதுவதை எழுதி அனுப்பிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

குறித்த இடத்தில் காணவில்லை.

அந்த நிலையத்தின் வழக்கம் அது. மழை பெய்தாலும் காணவில்லை, மேகம் மறைத்தாலும் காணவில்லை, தேடிப் பார்த்து இல்லாமல் போனாலும் காணவில்லை. எது எதனால் என்று உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியும். யாரும் குழம்பியதில்லை. நிதியத்தின் கணினி எந்த மொழியில் எழுதினாலும் படித்துக்கொள்ளும். அது இந்த மூன்று சொற்களைப் படித்தது, தேடினார்கள், அங்கே இல்லை என்று புரிந்துகொண்டது, கேடியின் கோப்பை மூடியது.

மதியம் எழுந்து வந்தவளிடம் சமையல்காரர் ஒரு கிண்ணத்தில் கேசரியை நீட்டி, "கேடி ஒழிஞ்சாம்மா," என்றார். வேறு எந்த நிலையமோ தேடி முடித்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். தொலைக்காட்சியில் வெண்பாறை மலையின் குவிமாடத்தைக் காட்டியபோதுகூட உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதும் கிண்ணத்தை வைத்துவிட்டு சகாயராஜின் அறைக்கு ஓடினாள். அவர் யாருடனோ தொலைபேசியில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து, கேடியை முடித்ததற்கான பணத்தில் வாங்கிய புதிய பம்பு மரப்பெட்டியில் வந்து இறங்கியது. பெட்டியைப் பிரிக்கும் இடத்தில் அவரைத் தனியாகப் பிடித்தாள். படங்களில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிடலாம் சார் என்றாள். அவர் ஆணி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டே, எந்தப் படத்தை வைத்துச் சொல்வாய் என்று கேட்டார். தெரியவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே படம்தானே என்றார். அவரே தொடர்ந்தார்.

"தொண்ணூறுல ஒண்ணு மக்ளே. மத்த எண்பத்தொம்பதுலயும் நாம சொன்னது சரிதான்."

"அந்த ஒண்ணுல இருக்கறவங்களுக்கு?"

ஆணியை ஓரமாக வைத்தார். கை துடைத்துக்கொண்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கெஞ்சுவதுபோல் பேசினார்.

"இப்ப சொன்னா இந்தப் பம்பைத் தூக்கிட்டுப் போவாவ. நிலையத்தையே மூடிப்போடுவாவ. இதவிடப் பெருசா ஒண்ணு வருதுன்னு வையி. தெக்குப் பக்கம் அதை யாரு தேடுவா? நீ சொல்லு. நீ சொன்னா நான் இப்பவே போன் பண்ணுதேன்."

அவர் அவளிடம் கேட்டிருக்கக் கூடாது. அவளால் நேருக்கு நேர் யாருக்கும் இல்லை என்று சொல்ல முடியாது. அது அவருக்கும் தெரியும். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. அவள் ஆணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். அன்றிலிருந்து அவர் சாப்பாட்டைத் தன் அறைக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டார். யாரும் அவளைக் கேலி செய்யவில்லை.

இடையில் ஒரு காரியம் செய்து பார்த்தாள். மூடிய கோப்பைத் திறப்பது எப்படி என்று, எந்தக் கோப்பு என்று சொல்லாமல், நிதியத்துக்கு எழுதிக் கேட்டாள். பதில் உடனே வந்தது. அந்தக் கல்லைப் புதிதாக எடுத்த படம் ஒன்றை அனுப்பினால் திறக்கலாம். கல்லோ வெயிலுக்குள் இருந்தது.

ஊர் ஊராகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சியில் பேருந்துகளைக் காட்டினார்கள். சன்னலோரம் பிள்ளைகள் கையாட்டின. நிறைமதி ஒலியைக் குறைத்துவிட்டுப் பார்ப்பாள். பிறகு நடைக்கூடத்துக்குப் போய்க் கடிகாரத்தின் முன்னால் நிற்பாள். தொண்ணூறில் எண்பத்தொன்பது பங்கு ஒன்றும் நடக்காது. இந்தச் சிவப்பு எண்கள் பூஜ்யத்தைத் தொடும், பகல் அப்படியே இருக்கும், எல்லோரும் மறந்துபோவார்கள், அவள் மட்டும் அந்தப் புதிய பம்பின் சத்தத்தைக் கேட்டபடி இங்கேயே இருப்பாள். அதை நினைத்தாலும் அவளுக்கு ஆறுதலாக இல்லை.

தொலைபேசி அடித்தது. ஆபத்து நீங்கியதாக அறிவிப்பு வந்ததிலிருந்து அடிக்காத தொலைபேசி காலி நடைக்கூடத்தில் பெரிதாகக் கேட்டது.

"லாம் பாப்பா, சாப்பிட்டியா?"

நீலாயதாட்சிக்குப் பின்னால் ஒரே இரைச்சல். பாத்திரங்கள் மோதின, யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கத்தினார்கள், வண்டி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. ஊருக்குக் கிளம்பிவிட்டார்களாம். திரும்புகிற கடைசி ஊர் அவர்களுடையதுதானாம். கல்லூரி திறக்கப்போகிறது, இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்றாள். ஒன்றரை மாதமாகக் காய்ந்து கிடக்கும் படகுகளைத் தண்ணீரில் இறக்க வேண்டும், வலையெல்லாம் எலி கடித்திருக்கும் என்றாள். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாள். சங்கத்துக்குப் புதிதாக வாங்கும் பைபர் படகுக்கு என்ன பெயர் வைப்பது என்று நேற்று ஒரு பஞ்சாயத்தே நடந்ததாம்.

"உம் பேருதான். நானே சொன்னேன். ஒரு பய மறுக்கல. நிலா வெளிச்சம் எங்களுக்கு ஆவும் தங்கச்சி, உங்க ஆபீசுக்குத்தான் ஆவாது."

நிறைமதி தொலைபேசியின் சுருள்கம்பியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். வேண்டாம் அக்கா என்றாள். வெட்கப்படுகிறாள் என்று நீலாயதாட்சி புரிந்துகொண்டாள். சிரிப்புச் சத்தம் கேட்டது.

"சரி, நான் கூப்புட்டது வேற விசயத்துக்கு," என்றாள் நீலாயதாட்சி. குரல் கொஞ்சம் இறங்கியது. "எல்லாரும் வண்டில ஏறியாச்சி. எங்க தெரு தைலம்மை மட்டும் ஏற மாட்டேங்குது. சாமான்மேல உக்காந்துகிட்டு அசையல. அது ஏறலன்னா அது கூட்டத்துல ஒருத்தரும் ஏற மாட்டாங்க. நீ ஒரு வார்த்தை சொல்லிடு, போதும். போனை ஸ்பீக்கர்ல போடுறேன்."

என்ன சொல்ல வேண்டும் என்று நிறைமதி கேட்டாள்.

"அந்த அறிக்கைய நான்தான் எல்லாருக்கும் படிச்சிக் காட்டுனேன். காணவில்லைன்னு போட்டிருந்தீங்கல்ல, அந்த வார்த்தைதான் தைலம்மைக்கு ஆவல. நீயே பேசு, இந்தா."

தொலைபேசி கைமாறியது. இரைச்சல் மெல்ல அடங்கியது. வண்டியின் உறுமலையும் யாரோ நிறுத்தச் சொன்னார்கள். நாற்பது குடும்பங்கள் பேசாமல் நிற்பது அவளுக்குக் கேட்டது.

வந்த குரல் வயதானது அல்ல. நாற்பது இருக்கலாம். சண்டைக்கு வந்ததாகவும் தெரியவில்லை.

"கடலுக்குப் போன எம் புருசனக் காணலன்னுதான் எழுதிக் குடுத்தாங்கம்மா. காணலன்னா தேடிப்புட்டுத்தான் எழுதுவாங்கன்னு நெனச்சேன். ஒரு வாரம் கரையிலயே உக்காந்திருந்தேன். பொறவுதான் தெரிஞ்சிது. தேடப் போற போட்டுக்கு டீசல் இல்ல, போட்டு போவவே இல்ல. ஆனா எழுத்துல காணவில்லைன்னுதான் இருந்திச்சி. தப்பா எடுத்துக்காத. நீங்கல்லாம் படிச்சவங்க. எனக்குப் பேரப்புள்ள இருக்கு, அதுக்காவ கேக்குறேன்."

நிறைமதி சுவரில் சாய்ந்துகொண்டாள். எதிரே கடிகாரம். அதற்கு அப்பால், திறந்திருந்த கதவு வழியே குவிமாடத்துக்கு ஏறும் படிக்கட்டும் அதன்மேல் வெயிலும் தெரிந்தன. புதிய பம்பு ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. சென்னையில் இந்நேரம் சகாயராஜுக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருப்பார்கள். அவர் இருபத்திரண்டு ஆண்டுகள் கட்டிக் காத்த இடம் இது. அவள் இருக்கிற ஒரே இடமும் இதுதான். இன்று ஒரு சொல் சொன்னால், நாளைக்கே மலைப்பாதையில் கார்கள் ஏறி வரும். அடுத்த கல்லை யார் தேடுவார்கள் என்ற அவருடைய கேள்வி அப்படியே நின்றது.

முடியவில்லை என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. தேட முடியவில்லை. மேகம், பம்பு, எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். ஆனால் டீசல் இல்லாமல் தேடப் போகாத அந்தப் படகுக்காரர்களும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

"லைன்ல இருக்கியா பாப்பா?" என்று தூரத்தில் நீலாயதாட்சியின் குரல் கேட்டது. "தேடுனோம், இல்லைன்னு ஒரு தரம் சொல்லிடு. வெயில் ஏறுதுல்ல."

தைலம்மை அவளை முந்திக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"நீங்க தேடுனீங்களாம்மா?"

"இல்லம்மா," என்றாள் நிறைமதி. "நாங்க தேடவே இல்லை."